காலி பெஞ்சும் பதினேழாம் எண்ணும்

ஜோவிதா ஃபால்டஸ் ஜெயித்து வாங்கியவற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கிமாராஸ் தீவுக்கும் இலோயிலோ நகரத்துக்கும் நடுவில் ஓடும் படகில், உட்கார்ந்து போக ஓர் இடம். "எல்லாம் மனசுலதான்" என்று சொல்லி அனுப்பிய டாக்டரிடமிருந்து, "அன்னைக்கு நான் சரியாப் பாக்கலம்மா" என்ற ஒரு வாக்கியம். கப்பலில் வேலை பார்க்கும் கணவனிடமிருந்து ஒரு மன்னிப்பு, அதுவும் போனில் இல்லை, நேரில். தங்கள் பெயரைச் சொல்லவே கூசிய பெண்களின் பெயர்கள். ஆஸ்பத்திரிச் சோதனையின் கணக்கிலிருந்து அவளுடைய எண்ணை அடித்துவிட்ட பிறகும் அந்தச் சோதனையில் அவளுக்கென்று நிலைத்துப்போன ஓர் இடம். இதில் எதையும் யாரும் அவளுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

அவள் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவள். கூண்டுக்குள் ஒரு நாற்காலி உண்டு. அதில் அவளுடைய கைப்பை உட்கார்ந்திருக்கும், அவள் நின்றுகொண்டிருப்பாள். ஜன்னல் உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்ற உயரத்தில் வெட்டப்பட்டது என்பதால், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அவள் குனிந்து, ஜன்னலில் முகம் தெரிய நீட்ட வேண்டும். வேலை முடிந்து அக்கரைக்கு ஏதாவது வாங்கப் போனால் படகிலும் நின்றபடிதான். எஞ்சின் ஓடும்போது அந்த மரப்பலகைகள் அதிருகிற அதிர்வு அவளுக்கு ஆகாது. மூங்கில் தாங்கியைப் பிடித்துக்கொண்டு, சாரல் முகத்தில் அடிக்க, கரை வரும்வரை நிற்பாள்.

"என்ன கேப்டன், இன்னைக்காவது உக்காருறதா உத்தேசம் உண்டா?" என்று படகுக்காரர்கள் கேட்பார்கள்.

"நான் உக்காந்துட்டா படகை யாரு ஓட்டுறது?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் அவர்கள் அதை மறந்துவிடுவார்கள். அவளால் முடியாது.

வலி தொடங்கியது அவளுடைய இருபத்தேழாவது வயதில். பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில், மிளகாய் நறுக்கிய கை பட்டதுபோல ஓர் எரிச்சல். முதலில் வந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு போவதை நிறுத்திக்கொண்டது. இறுக்கமான துணி ஆகவில்லை, நாற்காலி ஆகவில்லை, ஜீப்னி வண்டியின் சீட் ஆகவில்லை. ஒரு டாக்டர் பூஞ்சைக்கு மருந்து கொடுத்தார். இன்னொருவர் கிருமிக்குக் கொடுத்தார். மூன்றாமவர் எல்லாப் பரிசோதனைகளும் சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "புருஷன் கப்பல்ல இருக்காரு இல்லயா? ஏக்கம்தான். எல்லாம் மனசுலதான்" என்றார். எண்ணெய் போட்டு உருவிவிடுகிற கிழவி ஒருத்தி, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று அடிவயிற்றை மேலே தள்ளிக் கட்டிவிட்டாள்.

கணவன் டெல்ஃபின் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தான். மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வந்தால் ஒன்றிரண்டு மாதம் வீட்டில். வரும்போது சாக்லேட்டும் டின் இறைச்சியும் பெட்டி நிறைய இருக்கும். இரவில் அவள் முகம் சுளித்து ஒதுங்கும்போது முதல் வருடம் பொறுத்தான், இரண்டாம் வருடம் பொறுத்தான். அதற்கடுத்த வருடம், "நான் வர்றப்ப மட்டும் உனக்கு வலி வருதோ?" என்று கேட்டுவிட்டான். கேட்டவன் கப்பலேறிப் போய்விட்டான். கேள்வி வீட்டிலேயே இருந்தது.

வெளியே சொல்லவும் வழியில்லை. கப்பல்காரன் பெண்டாட்டிக்கு அந்த இடத்தில் ஏதோ என்றால் ஊர் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும். அவன் எங்கிருந்தோ கொண்டு வந்தான், அல்லது இவள் இங்கேயே தேடிக்கொண்டாள்.

சொன்னது ஒரே ஓர் ஆளிடம்தான், அக்கா சலூத்திடம். சலூத் ஆறாம் வகுப்போடு நின்றவள். தையல்காரி. அளவெடுக்காமல் எதையும் வெட்ட மாட்டாள். தங்கை அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இன்ச் டேப்பை எடுத்தாள்.

"திரும்பு."

"எதுக்கு மனாங்?" அந்த ஊரில் அக்காவுக்கு மனாங், தங்கைக்கு இண்டாய்.

"உக்காருற எடத்துல எங்க படக்கூடாதுன்னு சொல்லு இண்டாய். அந்த எடத்த வெட்டிட்டுத் தச்சுத் தரேன்."

பழைய படகு சீட்டின் பஞ்சில் நடுவில் ஓட்டை விட்டு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். அதில் பட்சோய் சூப் ஒரு கிண்ணம் குடித்து முடிக்கும் அளவுக்கு ஜோவிதாவால் உட்கார முடிந்தது. அந்த வீட்டில் அதற்குமேல் யாருக்கும் எதுவும் செய்யத் தெரியவில்லை.

மேம் அர்செலி சனிக்கிழமைகளில் தீவுக்கு வருகிறவர். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். அம்மா வீடு இங்கே. ஒரு சனிக்கிழமை டிக்கெட்டுக்குக் காசை நீட்டியவர், கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்த நாற்காலிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலயே மேம். எத்தனை டிக்கெட்?"

"ஒண்ணு. போன வாரம் படகுலயும் நின்னுக்கிட்டுதான் வந்தீங்க." குரலைத் தாழ்த்தினார். "உக்காந்தா எரியுதா, குத்துதா?"

ஜோவிதாவின் விரல்கள் டிக்கெட்டின் நடுவிலேயே நின்றன. வலிக்கிறதா என்று கேட்டவர்கள் உண்டு. எதனால் வந்தது என்று கேட்டவர்கள் உண்டு. எப்படி வலிக்கிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எரியுது" என்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

அடுத்த வாரம் அக்காவும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மேம் அர்செலி கதவைச் சாத்திவிட்டு விளக்கினார். மருந்தில்லாத, முடி மாதிரி மெல்லிய ஊசி. தொடையின் உள்பக்கம், பின்புறம், அந்த இடத்தைச் சுற்றியுள்ள தசைகள், இவற்றில் கெட்டியாக முடிச்சுப் போட்டுக் கிடக்கிற இடங்களைத் தேடிக் குத்துவது. முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் அவர் அதைச் செய்துவந்தார். இந்த வலிக்கும் உதவுமா என்பதைச் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார்.

"குலுக்கல் மாதிரி" என்றார். "சிலருக்கு நெசமான ஊசி. சிலருக்கு முனை மழுங்கின ஊசி. தோலத் தொடும், உள்ள போகாது. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியக்கூடாது, வலியக் கணக்கெடுக்கிற நர்ஸுக்கும் தெரியக்கூடாது."

சலூத் நிமிர்ந்தாள். "இதென்ன மேம், நோயாளிய ஏமாத்துறதா?"

"சொல்லிட்டுத்தானே செய்யறோம் மனாங். ஊசி போட்டாங்கங்கிற நம்பிக்கையிலயே கொஞ்சம் வலி கொறையும். அதக் கழிச்சிட்டுப் பாத்தாத்தான் ஊசி என்ன செஞ்சுதுன்னு தெரியும். கடைசியில ஊசி உதவுதுன்னா, மழுங்கின பக்கம் இருந்தவங்களுக்கும் நெச ஊசி போடுவேன்."

ஜோவிதா முன்னால் நகர்ந்து கேட்டாள். "மேம், இது முடிஞ்சா என் வலி மனசுல இல்லன்னு யாரும் ஒத்துக்குவாங்களா?"

"உங்க வலி நெசம்னு எனக்கு இப்பவே தெரியும். ஊசி உதவுமாங்கிறதுதான் தெரியாது. ஆனா ஒழுங்காச் செஞ்ச சோதனை ஒண்ணு கையில இருந்தா, அத வச்சிக்கிட்டு யார் முன்னாடியும் நிக்கலாம்."

"நிக்கத்தான் எனக்கு நல்லா வருமே" என்றாள் ஜோவிதா. மேம் சிரித்துவிட்டார்.

சம்மதத் தாளில் கையெழுத்து கேட்டபோது அவளுடைய கை பின்வாங்கியது. யாராவது படித்துவிட்டால்? கடைசியில் பேனாவை எடுத்து எதையோ கிறுக்கினாள். எந்த எழுத்தும் எந்த எழுத்து மாதிரியும் இல்லை.

"இது கையெழுத்தா, நண்டு நடந்த தடமா?" என்றாள் அக்கா.

"அது போதும்" என்றார் மேம். "இனிமே இங்க பேரு கெடையாது. நீங்க பதினேழு."

முதல் நாள் அந்தத் தாழ்வாரத்தில் ஒரு காட்சி. சுவரோரம் நீளமாக, பளபளவென்று ஒரு மரப்பெஞ்சு. அதில் ஒருவரும் இல்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்தபடி ஏழெட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தனித்தனி நேரம்தான் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் தூரத்திலிருந்து வருகிறவர்கள் முதல் படகையும் முதல் ஜீப்னியையும் பிடித்துத்தான் வருவார்கள். அது மேமுக்குத் தோன்றவில்லை. ஒருத்தியின் முகத்தை ஒருத்தி பார்க்காமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

தரை துடைக்க வந்தவர் வாளியை வைத்துவிட்டு நின்றார். "பெஞ்சு காலியாத்தானே கெடக்கு? பெயிண்டு ஈரம்னு எவனாவது சொன்னானா?"

"புனித வாரத்துக்கு நேந்துக்கிட்டோம்ப்பா" என்றாள் ஒரு தடித்த பெண். "உக்காரக் கூடாது."

"புனித வாரம் போயி ரெண்டு மாசம் ஆச்சே."

"அடுத்த வருசத்துக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டோம்."

யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. ஜோவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை பேர் நிற்கிறார்கள். இத்தனை நாள் அவள் ஒருத்திதான் நிற்கிறாள் என்று நினைத்திருந்தாள்.

அந்தத் தடித்த பெண் அக்கரையிலுள்ள ஹாரோ சந்தையில் கருவாடு விற்கிறவள். அவளுடைய எண் ஒன்பது. பெயர் யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

ஊசி போட்டபோது ஜோவிதா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடையின் உள்பக்கம் ஒரு புள்ளியில் மேம் எதையோ தொட்டார். தூண்டிலில் மாட்டிய மீன்போல தசை ஒரு துள்ளு துள்ளியது. "ஐயோ!" என்றாள். பிறகு ஒரு மந்தமான கனம் பரவியது. மேம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் துள்ளியதைச் சொன்னாள். சலூத் உடனே தண்ணீர் வாளியைத் தூக்கி வெளியே வைத்தாள்.

"அந்த எடத்துல ஊசி போயி தசை துள்ளிருக்குன்னா அது பிள்ள பெத்ததுக்குச் சமம். மூணு நாளைக்குத் தலையில தண்ணி படக்கூடாது. பூகாத் வந்துரும்."

பூகாத் வந்தால் போன நோய் திரும்பி வரும். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் எழுந்தவளுக்கும் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அதே கட்டுப்பாடு. ஜோவிதாவும் அதைக் கேள்வி கேட்கவில்லை. காலையும் மாலையும் குளிக்காவிட்டால் இருக்க முடியாத ஊரில், எண்ணெய் வடிகிற தலையில் துணியைக் கட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்தாள்.

ஊசிக்கு மறுநாளுக்கு மறுநாள் கணக்கெடுப்பு. பிலிதா என்ற நர்ஸ், பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டுத் தொட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்பாள். ஜோவிதா தாழ்வாரத்தில் நின்றபோது ஒன்பதாம் எண்ணுக்காரி, அந்தக் கருவாட்டுக்காரி, ஈரத்தலையோடு, சம்பகீதா மல்லி வாசத்தோடு வந்து பக்கத்தில் சாய்ந்தாள்.

"என்ன பதினேழு, தலைல எண்ணெய்க் கடையே வச்சிருக்க?"

"குளிக்கல. ஊசி உள்ள போயி தசை துள்ளிச்சு, அதான் பூகாத் பயம்."

"ஓ! உனக்குத் துள்ளிச்சா?"

"உனக்குத் துள்ளலயா?"

"எனக்கா? கொசு உக்காந்து யோசிச்சிட்டு எந்திரிச்சுப் போன மாதிரி இருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே ஜம்முன்னு குளிச்சிட்டேன்."

இருவரும் ஒரே சமயத்தில் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தலையில் துணி. அடுத்தது ஈரம். அடுத்ததும் ஈரம். அதற்கடுத்ததில் துணி. யாருக்கு எந்த ஊசி என்று உறைக்குள் ஒட்டி வைத்திருந்த ரகசியம், எல்லோர் தலையிலும் எழுதி நின்றது.

"அப்ப எனக்கு மழுங்கினது" என்றாள் ஒன்பது. சிரிப்பு போய்விட்டது. உள்ளே போனவள் நர்ஸிடம், "ஒண்ணும் கொறையல, ஒம்பதாம் நம்பருக்கு ஒம்பதே இருக்கட்டும்" என்று சொன்னது கதவு வழியே கேட்டது.

ஜோவிதாவின் முறை வந்தது. பிலிதா நல்ல பெண். அவளும் இதே ஊர்க்காரி. ஜோவிதாவின் தலைத்துணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொஞ்சம் கொறஞ்சிருக்கணுமே?" என்றாள்.

"நாலு" என்றாள் ஜோவிதா.

படகில் தாங்கியைப் பிடித்து நின்றபோது அந்த நாலு அவளைக் குடைந்தது. அது நாலுதானா? ஆறாக இருந்திருக்குமா? மேம் சந்தோஷப்படட்டும் என்று சொன்னாளா? நிஜ ஊசி கிடைத்திருக்கிறது, குறைந்துதான் ஆக வேண்டும் என்று சொன்னாளா? எவ்வளவு யோசித்தும் அவளுக்கே தெரியவில்லை.

அக்காவிடம் சொன்னாள். சலூத் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்.

"ஒனக்கு நெச ஊசி கெடச்சிருக்கில்ல? வாய மூடிக்கிட்டு இரு. போய்ச் சொன்னா எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. அப்புறம் யாருக்கு லாபம்?"

"நான் பொய் சொல்றேன்னு இத்தன வருசமா மத்தவங்கதான் சொன்னாங்க மனாங். இன்னைக்கு நானே சொல்லிட்டேனோன்னு இருக்கு. இப்படி ஒரு கணக்க வச்சிக்கிட்டு நாளைக்கு யார் முன்னாடி நிக்கறது?"

சலூத்தின் கையிலிருந்து நூல் நழுவியது. மறுபடி கோக்கவில்லை. "மொத படகுக்கே போ" என்றாள்.

மேம் அர்செலி வேலைக்கு வரும்போது ஜோவிதா தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். குளித்தவர்களையும் குளிக்காதவர்களையும், நர்ஸின் பார்வையையும், தன்னுடைய நாலையும் மறைக்காமல் சொன்னாள்.

மேம் மெதுவாகப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தச் சோதனை தொடங்கியதிலிருந்து அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

"என் பொண்ணு பொறந்தப்ப எங்கம்மா பத்து நாளைக்கு என் தலைல ஒரு சொட்டுத் தண்ணி விடல" என்றார். "நானும் இந்த ஊர்லதானே பொறந்தேன்? எங்கேர்ந்தோ வந்த வழிமுறையெல்லாம் வரி வரியாப் படிச்சேன். என் தலையத் தொட்டுப் பாக்கத் தோணலயே."

"சோதன போச்சா மேம்?"

"இதுவரைக்கும் எடுத்தது போச்சு. இத வச்சு ஒரு வார்த்தை பேச முடியாது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா முடிவுல யாராவது கேட்டு, அப்பப் போயிருந்தா? அதுக்கு இது எவ்வளவோ மேல்."

அனுமதி கொடுத்த குழுவிடம் மேம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். முதல் அணியின் கணக்கு சேராது என்று முடிவானது. புதுப் பெண்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த முறை எல்லோரையும் குளிக்கச் சொல்லிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். "நான் சொன்னா அவங்க கேப்பாங்க சார், அவங்கம்மா கேக்க மாட்டாங்க" என்றாராம் மேம். ஆகவே எந்த ஊசியானாலும் மூன்று நாள் யாரும் தலைக்கு ஊற்றக்கூடாது. கணக்கெடுப்புக்கு வரும்போது எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி ஆப்பரேஷன் தொப்பி. நர்ஸும் வேறு. ஒவ்வொருவருக்கும் தனி நாள், அதுவும் படகு நேரம் பார்த்து.

"எனக்கு வேற எண் குடுங்க மேம்" என்றாள் ஜோவிதா.

"முடியாதுங்க. உங்களுக்கு இப்ப எல்லாம் தெரியும். பதினேழ அடிச்சாச்சு."

அது அவளுக்கு வலித்தது. தன் வலி ஒரு கணக்கில் ஏற வேண்டும் என்றுதான் வந்தாள். கணக்கை நேராக்கியவளுக்கே அதில் இடமில்லை. வெளியே வந்து, கருவாட்டுக்காரியிடம் சொல்லி அழுதாள். அவளையும் அடித்திருந்தார்கள்.

"விடு பதினேழு" என்றாள் அவள். "நம்ம ரெண்டு பேரும் இப்ப எண்ணும் இல்ல, ஆளும் இல்ல. ஆவி மாதிரி சுத்துவோம்."

முதல் அணிக்கு மேம் வைத்தியத்தை நிறுத்தவில்லை. ஒளிவுமறைவில்லாமல் எல்லோருக்கும் நிஜ ஊசி போட்டார், தசையைத் தளர்த்துகிற பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். ஜோவிதா இந்தத் தடவை வலியை அரிசி அளப்பதுபோல அளந்து சொன்னாள். குறைந்த வாரம் குறைந்தது என்றாள். கூடிய வாரம், மேமின் முகம் வாடும் என்று தெரிந்தும், கூடியது என்றாள். போகப்போகக் கூடிய வாரங்கள் அருகின. எரிச்சல் ஓடிப்போய்விடவில்லை, தள்ளி நின்றது. ஒருநாள் படகு நடுக்கடலில் இருக்கும்போது, அவள் தாங்கியை விட்டுவிட்டு மெதுவாகப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கரை வரும்வரை எழவில்லை.

"கேப்டன் வேலைய விட்டுட்டாங்கடா!" என்று கத்தினான் படகுக்காரன்.

"பென்ஷன் குடுங்க" என்றாள் ஜோவிதா. கண்ணில் தண்ணீர். சாரல் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

புதுப் பெண்கள் எளிதில் கிடைக்கவில்லை. இங்கேதான் ஜோவிதா தன் கூண்டை ஆயுதமாக்கினாள். ஜன்னல் வழியே படகுகளைப் பார்ப்பாள். இடம் இருந்தும் நிற்கிறவள் யார், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறவள் யார் என்று கவனிப்பாள். திரும்பி வரும்போது டிக்கெட்டோடு, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி. "உக்காந்தா எரியுதா, குத்துதா?" சிலர் முறைத்துக்கொண்டு போனார்கள். சிலர் அடுத்த வாரம் வந்து பதில் சொன்னார்கள். அக்கரையில் கருவாட்டுக்காரி சந்தையில் அதே வேலையைச் செய்தாள், குரலைத் தாழ்த்தாமல்.

டிசம்பரில் டெல்ஃபின் வந்தான். அவள் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"இத ஊருக்கெல்லாம் சொல்லணுமா? கப்பல்ல பாதிப்பேரு நம்ம தீவுக்காரன். நாளைக்கு என்னக் கேட்டா?"

"என்ன கேப்பான்? உம் பொண்டாட்டிக்கு வலியான்னு கேப்பான். ஆமான்னு சொல்லு. உன்னால முடியாதா?"

மறுவாரம் அவளைக் கொண்டுவிட ஆஸ்பத்திரி வரை வந்தான். அன்று நாள் குழம்பி மூன்று புதுப் பெண்கள் ஒன்றாக வந்துவிட்டார்கள். நீலத் தொப்பியோடு மூவரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். பெஞ்சு காலியாக இருந்தது. ஒருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை, கல்லூரிப் பெண். இன்னொருத்திக்குத் தலை நரைத்திருந்தது. டெல்ஃபின் பெஞ்சைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான். பழக்கத்தில் உட்காரப் போனவன், உட்காரவில்லை. அவனும் சுவரோரம் போய் நின்றான். ஜோவிதா வெளியே வரும்வரை அப்படியே நின்றிருந்தான்.

திரும்பி வரும் படகில் அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சொன்னான். "நான் வர்றப்ப மட்டும் வலிக்குதான்னு கேட்டேன்ல. அது தப்பு. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

"இன்னொரு தடவ சொல்லு, எஞ்சின் சத்தத்துல கேக்கல" என்றாள். நன்றாகக் கேட்டிருந்தது. அவன் இன்னொரு தடவையும் சொன்னான்.

சோதனை முடிந்து முடிவு சொன்ன நாளில் அக்காவும் தங்கையும் டாக்டர்கள் கூடிய அரங்கின் கடைசி வரிசையில் இருந்தார்கள். மேம் அர்செலி நிதானமாகப் படித்தார். இரண்டு பக்கமும் வலி குறைந்திருக்கிறது. நிஜ ஊசிப் பக்கம் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. "எல்லாருக்கும் ஒத்துக்கல. ஒரு ஊர்ல, கொஞ்சம் பேர வச்சுப் பாத்தது. இன்னும் பெருசா ஒண்ணு செய்யணும்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. கேள்வி கேட்க எழுந்த டாக்டர்கள் குத்திக் கிளறிப் பார்த்தார்கள். கணக்கு அசையவில்லை. முதல் அணியை ஏன் தள்ளினீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, மேம் தலைக் குளியல் விஷயத்தைச் சொன்னார். அரங்கம் சிரித்தது, பிறகு அமைதியானது. "அத எங்ககிட்ட வந்து சொன்னது அதுல இருந்த ஒரு பெண்" என்றார். கடைசி வரிசைப் பக்கம் திரும்பக்கூட இல்லை, ரகசியம் காக்கிறவர்.

காப்பி நேரத்தில், ஒரு காலத்தில் "எல்லாம் மனசுலதான்" என்ற டாக்டரை சலூத்தான் அடையாளம் கண்டாள். தங்கையை முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். அவருக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. வந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நான் சரியாப் பாக்கலம்மா" என்றார். சாக்கு எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பெரிய சோதனைக்குப் பெண்களை அழைக்க ஓர் அறிவிப்பு வேண்டியிருந்தது. மேம் எழுதியதைக் கருவாட்டுக்காரி வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"மேம், இதப் படிச்சா வலி இல்லாதவளுக்கும் வலி வந்துரும். யாருக்குப் புரியும் இது? பதினேழு, நீ எழுது."

ஜோவிதா அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அக்கா தைத்த மெத்தையை மடியில் வைத்து அதன்மேல் எழுதினாள். அவள் எழுதியது இவ்வளவுதான்: "உட்கார்ந்தால் எரிகிறதா? நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களைப் போல நாங்கள் பலர் இருக்கிறோம். வந்து கேளுங்கள். என்னைப் பார்க்க வேண்டுமானால் கிமாராஸ் படகுத்துறை டிக்கெட் கூண்டில் இருப்பேன்."

மேம் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "பேரு வேணாங்க. 'பதினேழு'ன்னு போட்டுக்கலாமே?"

"அந்த எண்ணத்தான் நீங்க அடிச்சிட்டீங்களே மேம்."

பேனாவை எடுத்தாள். சலூத் எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை நண்டு நடக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தையல்போல இடைவெளி விட்டு, தெருவில் போகிறவரும் படிக்கும்படி இருந்தது: ஜோவிதா ஃபால்டஸ். அவள் எழுந்திருப்பதற்குள் கருவாட்டுக்காரி பேனாவைப் பிடுங்கி, கீழே ஹெர்மீனியா என்று எழுதினாள். முதல் அணியில் அடிக்கப்பட்டவர்கள் அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவராக வந்து அதன் கீழே எழுதினார்கள்.

சலூத் அந்தத் தாளின் ஒரு பிரதியைத் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். இந்த வலியைப் பற்றிய ஒரு தாளில் ஜோவிதா தன் பெயரை முதன்முதலாகத் தெளிவாகக் கையெழுத்திட்ட அந்த நாள் 2019 மே 22, புதன்கிழமை.